கல்முகன் வாய் திறக்க மாட்டான்

ஆகஸ்ட் 3

பைண்டிங்கில் கோணலாகிப்போன டைரி ஒன்றை அண்ணாச்சி என் மேசையில் போட்டு, "எழுதுறவன்தான நீ, வச்சுக்கோ" என்றார். ஏழு மாதம் வீணாய்ப் போன டைரி. போகட்டும், மிச்சத்தையாவது நிரப்புவோம். வெறும் தாளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு இந்தச் சிவகாசியில் இரண்டு தொழில். காலண்டரும் டைரியும் அச்சடிப்பது வயிற்றுக்கு. மாதம் ஒரு காமிக்ஸ் புத்தகம் போடுவது ஆசைக்கு. அந்த ஆசைக்கு எழுத்து வேலை பார்ப்பவன் மாரீஸ்வரன் ஆகிய நான். வெளிநாட்டுக் கதைகளைத் தமிழாக்குவேன். அதோடு நானே கற்பனை செய்து எழுதும் 'மேஜர் மதிவாணன்' ஒவ்வொரு இதழிலும் முதல் கதையாக வரும். மேஜருக்குச் சட்டை கசங்காது, தலை கலையாது. அவர் பேசுகிற பேச்சிலேயே எதிரி பாதி செத்துவிடுவான்.

இன்று பம்பாய் ஏஜென்சியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் பழைய பேய்க்கதை வரிசை ஒன்று. வெளிநாட்டில் அந்தக் காலத்தில் சக்கைப் போடு போட்டதாம். கதை இதுதான்: ஒரு சுரங்கத் தொழிலாளி வெடிவிபத்தில் மண்ணோடு மூடிப்போகிறான். ஊர் அவனை மறந்தபிறகு, உடம்பெல்லாம் பாறை ஒட்டிப்போய் வெளியே வருகிறான். ஊர்க்காரர்கள் அலறியடித்துக் கல்லால் அடிக்கிறார்கள். எறிந்த கல்லெல்லாம் அவன்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. அப்படியும் ஊருக்கு ஓர் ஆபத்து என்றால் அவன்தான் முதல் ஆளாகப் போய் நிற்கிறான். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருங்கல். ஒரு வார்த்தை பேசுவதில்லை. 'கல்முகன்' என்று பெயர் வைத்தேன். இதைவிட நல்ல பெயருக்கு அவன் லாயக்கில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. வசனம் இல்லாத படக்கட்டம் கூடாது. "காசு குடுத்து வாங்குறவன் படிக்க ஒண்ணும் இல்லன்னா ஏமாந்துட்டோம்னு நெனப்பான்" என்று அண்ணாச்சியே போட்ட விதி. வெள்ளைக்காரன் சும்மா விட்ட கட்டத்தில் எல்லாம் 'அதே சமயம்...' என்றோ, 'ஆ! இதென்ன விபரீதம்!' என்றோ போட்டு நிரப்புவேன். தமிழ் நீளம் என்பதால் பேச்சு வரும் பலூனைப் பெரிதாக்கிப் போடுவோம். அதன் அடியில் ஒரு கையோ குதிரையோ மறைந்துபோனால் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட அண்ணாச்சி கல்முகனைக் கடைசிவரை புரட்டிவிட்டு, "இவன் பேச வேண்டாம்ப்பா. சும்மா இருக்குற கட்டத்த அப்படியே விட்ரு. மனச என்னமோ பண்ணுது" என்றார்.

எனக்கு ஒன்றும் பண்ணவில்லை.

ஆகஸ்ட் 9

கல்முகன் பக்கங்களை வீட்டுக்கு எடுத்துவந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். புஷ்பம் காப்பி கொண்டுவந்தவள், டம்ளரை வைத்துவிட்டு ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு பக்கம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் மனைவி தங்கபுஷ்பத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் என்ன, அந்தக் கதையில் படிக்கவா இருக்கிறது? படம் பார்த்தே முடித்துவிட்டாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த வாடை வந்தது எனக்குத்தான் தெரிந்தது.

"யாருங்க இவன்?" என்றாள்.

சொன்னேன். அவன் பேச வேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னதையும் கொஞ்சம் நகைச்சுவை சேர்த்தே சொன்னேன். இவனுக்குக் கல்யாணம் என்றால் பெண்வீட்டார் மாலைக்குப் பதில் ஜல்லிதான் கொண்டுவர வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

ஆறு வருஷமாக மேஜர் மதிவாணனை இந்த வீட்டில்தான் எழுதுகிறேன். ஒரு நாள்கூட ஒரு பக்கத்தையும் இப்படித் தூக்கிப் பார்த்ததில்லை. கேட்டால், "நீங்கதான் சொல்லிட்டீங்களே" என்பாள். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்வது என் வழக்கம்தான். அதற்காகப் படிக்கக்கூடாது என்று சட்டமா?

ஆகஸ்ட் 10

கரண்ட் இல்லை. மாவு மில்லில் இரண்டு தரம் போய்க் காத்திருந்து திரும்பினேன். அடிப்பிடித்த குழம்பையே இன்றும் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 5

கல்முகன் வந்த இதழ் கடைக்குப் போய்விட்டது. பேருந்து நிலையக் கடைக்காரர் இன்னும் இரண்டு கட்டு கேட்டு ஆள் அனுப்பினார். மேஜர் மதிவாணனும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறார். யாருக்காகக் கேட்டாரோ, யார் கண்டது?

செப்டம்பர் 11

வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. தருமபுரியிலிருந்து ஒரு வாத்தியார், கல்முகன் மழையில் தனியாக நிற்கும் கட்டத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். வாத்தியாருக்கு வயிற்றில் கோளாறு என்று நினைக்கிறேன். ஒரு பெண், 'அவரை யாரும் கல்லால் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்கிறாள். அவராம்!

மேஜரைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் நானே ஒரு கடிதம் எழுதினேன். 'கோவில்பட்டி, கு. சங்கரநாராயணன்' என்ற பெயரில். மேஜரின் பேச்சுத் திறமையை வியந்து, கல்முகன் போன்ற ஊமைக் கதைகள் தமிழ் மண்ணுக்கு ஒத்துவராது என்று நாகரிகமாகவே எழுதியிருந்தேன்.

செப்டம்பர் 14

அண்ணாச்சி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"கோவில்பட்டிக்காரரு நம்ம மேஜர ரொம்பப் புகழ்ந்திருக்காருப்பா."

"நல்ல ரசிகர் அண்ணாச்சி."

"ரசிகருதான். ஆனா கோவில்பட்டில போட்ட கவருக்கு நம்ம சிவகாசி போஸ்டாபீஸ்ல முத்திர குத்தியிருக்கான் பாரு."

எழுத்து எழுதுகிற ஜெபமணி முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிச் சிரித்தான். பலூன்களுக்குள் அழகாகத் தமிழ் எழுதத் தெரியும் என்பதைத் தவிர அவனிடம் வேறு ஒரு நல்ல குணமும் கிடையாது.

செப்டம்பர் 19

சாமி படத்துக்குப் பின்னால் தீப்பெட்டி தேடினேன். கல்முகன் இதழ் இருந்தது. அதற்குள் குணாளனின் போட்டோ.

குணாளன் புஷ்பத்தின் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன் பட்டாசு ஆலை ஷெட்டில் வெடித்தபோது போய்விட்டான். அன்றைக்கு அவர்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்று நிமிர்ந்து நின்றவன் நான் ஒருத்தன்தான். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, அடக்கம் எல்லாம் நானே பார்த்தேன். புஷ்பத்துக்கு ஒரு கஷ்டமும் தெரியவிடவில்லை. அதற்குப் பிறகும் அவள் மனசு வாடக்கூடாது என்று எத்தனை வேடிக்கை பேசியிருக்கிறேன். முன்பெல்லாம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரிக்கத் தயாராக இருப்பாள். இப்போது, "கை கழுவிட்டு வாங்க" என்பதோடு சரி.

அந்தப் போட்டோவைப் போய் இந்தப் பூதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள். குணாளன் எவ்வளவு லட்சணமான பையன்! எனக்குப் பொறாமை என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். ஆமாம், பொறாமைதான். மை பூசிய ஒரு காகிதத்தின்மேல் பொறாமை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

செப்டம்பர் 20

கேட்டேவிட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேஜர் மதிவாணன்ட்ட இல்லாதது அவன்ட்ட என்னத்தக் கண்ட?"

"மேஜரும் நல்லாத்தாங்க பேசுறாரு."

"அப்புறம் என்ன?"

கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு யோசித்தாள். "அவன் வெடிக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்துட்டாம்ல" என்றாள்.

இதென்ன பெரிய வித்தை? மேஜர் எத்தனை வெடியிலிருந்து எழுந்து வந்திருக்கிறார்! போன தீபாவளி மலரில் ஒரு கப்பலே வெடித்தது. தலை கலையாமல் நீந்திக் கரையேறினாரே, அது கண்ணில் படவில்லையா? எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனபிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 27

தீபாவளி மலருக்கு அட்டைப்படம் கல்முகன். மேஜர் மதிவாணன் புத்தகத்தின் கடைசியில், குறுக்கெழுத்துப் போட்டிக்கு முன்னால். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"வருத்தப்படாத மாரீசு. ஜனங்க கேக்குறத முன்னால வைக்கணும்" என்றார் அண்ணாச்சி. வருத்தப்படவில்லை என்று நீளமாகச் சொன்னேன்.

செப்டம்பர் 29

மலரில் வரும் கல்முகன் கதையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதையில் அவனுக்கு ஒரு தங்கை. அண்ணன் சுரங்கத்தில் போனதிலிருந்து நம்பாமல் தேடிக்கொண்டிருக்கிறாள். ஊரே அவனைக் கல்லால் அடித்து ஓடையோரம் துரத்திவிட்ட பிறகு வந்துசேருகிறாள். கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். அவள் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்து ஒன்றுமில்லை. முகத்தை வரைந்தவன் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக வரைந்திருக்கிறான். கண் மட்டும் மனிதக் கண்.

புஷ்பம் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அந்த முகத்தின்மேல் விரலை வைத்து, நெற்றி, கன்னம் என்று மெதுவாகத் தடவினாள். நான் இருமினேன். அவளுக்குக் கேட்கவில்லை.

எங்கள் கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது அவள் தலை நிமிரவே இல்லை. சரி, அது வெட்கம். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் என் முகத்தை ஒரு தடவையாவது இப்படிப் பார்த்திருக்கிறாளா? சவரம் செய்யாவிட்டால் மட்டும் பார்ப்பாள். கல்முகனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கமாட்டாளா என்று, தாலி கட்டிய புருஷன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

"இந்தப் பக்கம் புஸ்தகத்துல அப்படியே வருமாங்க?" என்றாள்.

"வரும்" என்றேன்.

"எழுத்து எதுவும் போட்ருவீகளோன்னு கேட்டேன்."

"அதான் வரும்னு சொல்றேன்ல."

அக்டோபர் 6

அண்ணாச்சி காலண்டர் ஆர்டர் விஷயமாக மெட்ராஸ் போயிருக்கிறார். மலரின் கல்முகன் பக்கங்களை நாளைக் காலை அச்சுக்குப் பிளேட் எடுக்க அனுப்பவேண்டும்.

வேலையைப் பற்றி மட்டும் யோசித்தேன். மலருக்கு விலை அதிகம். விலை அதிகமான புத்தகத்தில், அட்டைப்படக் கதையின் கடைசிப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை என்றால் வாசகன் என்ன நினைப்பான்? அண்ணாச்சி விலக்குக் கொடுத்தது அந்த முதல் கதைக்கு. மலருக்கும் அது பொருந்தும் என்று வாயால் சொல்லவில்லையே. விதி விதிதான்.

உட்கார்ந்து எழுதினேன். சரளமாக வந்தது. 'தங்கையே, கலங்காதே! நடந்ததை எண்ணி வருந்துவதில் பயனில்லை. என் கோர முகத்தைக் காணாதே. உன் நினைவில் வாழும் என் பழைய முகமே போதும். கண்ணீரைத் துடைத்துக்கொள், கடமைகள் உன்னை அழைக்கின்றன...' என்று போய்க்கொண்டே இருந்தது. மேஜர்கூட இப்படிப் பேசியதில்லை. ஜெபமணிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

ஜெபமணி ஸ்கேலை வைத்துப் பார்த்தான். "அண்ணே, இவ்வளவுக்கு இடம் இல்லையே. கீழ அந்தப் பொண்ணு கை இருக்கு. மேல அவ தலை."

"நடுவுல போடு."

"நடுவுல அவன் மூஞ்சில்ல இருக்கு? மூஞ்சிமேலயே பலூன போடச் சொல்லுதீகளா?"

"பேசுறவன் மூஞ்சில இருந்துதான பேச்சு வரும்? போடு."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வெள்ளை மையைத் தொட்டுப் பூசினான். முதலில் நெற்றி போனது. அப்புறம் கண். காய்ந்தபிறகு அதன்மேல் எழுத ஆரம்பித்தான். முத்துமுத்தான கையெழுத்து.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் முற்றல்.

அக்டோபர் 8

பிளேட் ஆகி மெஷினில் ஏறிவிட்டது. புஷ்பம், மலர் எப்போது வரும் என்றாள். காலண்டர் வேலை நெருக்குகிறது, தாமதமாகும் என்றேன்.

அக்டோபர் 16

அண்ணாச்சி நேற்று வந்தார். அதற்குள் கட்டெல்லாம் லாரி ஏறிவிட்டது. கல்முகன் கதையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"இந்த மூஞ்சியப் பாக்கத்தானப்பா கடேசி வரைக்கும் வந்தேன்" என்றார். அவ்வளவுதான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காலண்டர் பக்கம் போய்விட்டார். தயார் செய்த பதில்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

மேஜர் மதிவாணன் அச்சில் நன்றாக வந்திருக்கிறார். சொல்வதற்கு ஆள்தான் இல்லை.

அக்டோபர் 19

எல்லோருக்கும் ஆபீஸ் பிரதி கொடுத்தார்கள். என்னுடையதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் இன்னும் வரவில்லை என்றே சொல்லியிருக்கிறேன். தீபாவளி முடியட்டும், மெதுவாகப் பேசிப் புரியவைக்கலாம். பேசி நான் புரியவைக்க முடியாதது என்று இந்த வீட்டில் எதுவும் இருந்ததில்லை.

அக்டோபர் 20

புஷ்பம் பஜாருக்குப் போய் நல்லெண்ணெயும் வெல்லமும் வாங்கிவந்தாள். பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். எண்ணெய், வெல்லம், வெற்றிலை. மலர் இல்லை. அப்பாடா என்றிருந்தது. ஆனால் முறுக்கு பிழியும்போது நான் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்டோபர் 21, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். புதுச்சட்டை போட்டுக்கொண்டேன். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் வெடி கிடையாது. எதிர்வீட்டுச் சரவெடி அடங்கியதும் பார்த்தால், புஷ்பம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் தீபாவளி மலர், கல்முகனின் கடைசிப் பக்கம் திறந்திருந்தது. நேற்றே வாங்கியிருக்கிறாள். இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருக்கிறாள் போல.

"அப்படியே வரும்னு சொன்னீங்களே" என்றாள்.

"ஆபீஸ் விதின்னு ஒண்ணு இருக்குல்ல புஷ்பம். அண்ணாச்சிதான் சும்மா விடக்கூடாதுன்னு..."

"அண்ணாச்சி இவன் பேச வேண்டாம்னாருன்னு நீங்கதான வந்து சொன்னீங்க. சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க."

வசனம் எப்படி, படித்தாயா என்று கேட்டேன்.

"படிச்சேன். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாங்க. அந்த மூஞ்சியப் பாக்கணும்னுதான் இருந்தேன்." பலூன்மேல் விரலை வைத்தாள். "குணாளனுக்கும் நீங்கதான் துணியப் போட்டு மூடுனீங்க. நான் தெறக்கப் போனேன். கையப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தீங்க. தூக்கிட்டுப் போறவரைக்கும் பேசிக்கிட்டே இருந்தீங்க."

"உனக்காகத்தாம்மா. நீ அதப் பாத்திருந்தேன்னா தாங்கியிருக்க மாட்ட. அதனாலதான் நான்..."

"அது அவன்தானான்னுகூட எனக்குத் தெரியாதுங்க. எல்லாரும் சொன்னாக, அழுதேன். ஒருவேள வேற யாராவதா இருந்து, இவன் எங்கனயாவது உசிரோட..." இரண்டு வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டுதான் சோறு போட்டிருக்கிறாள், கை கழுவச் சொல்லியிருக்கிறாள். நான் மேஜருக்கும் கல்முகனுக்கும் போட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஒருத்தருதான் பாத்தீக. எப்படி இருந்தான்னு சொல்லுங்க."

"தூங்குற மாதிரிதான் புஷ்பம், நிம்மதியா..."

"அது ஊருக்குச் சொன்னது. எனக்கு, பாத்ததச் சொல்லுங்க."

அவள் புத்தகத்தை மூடித் தரையில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நெற்றியிலிருந்து ஆரம்பித்தேன். கண் எப்படி இருந்தது, எது இல்லை, எது இருந்தது என்று பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். இடது காது மட்டும் முழுசாக இருந்தது, சின்ன வயதில் கோழி கொத்திய தழும்பு அதில் இருந்தது, அதை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன், அது குணாளன்தான் என்றேன். "ம்" என்றாள். நிறுத்தினால் மறுபடி "ம்" என்றாள். சொன்னேன்.

சொல்லி முடிக்கிறவரைக்கும் அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.